சத்து மாத்திரையும் டானிக்கும்: எது தேவை, எது வீண்?

திருவண்ணாமலை மாவட்டக் குடும்ப நல வெளியீடு



"உடம்பு ஒரே அசதியா இருக்குது. நல்ல டானிக்கா ஒண்ணு எழுதிக் குடுங்க." கிராமங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. இப்படிக் கேட்கும் சிலருடைய வீட்டில், கிராம சுகாதார செவிலியர் இலவசமாகக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை, பிரிக்காத அட்டையோடு பரண் மேல் கிடக்கும். கடையில் நூறு, இருநூறு கொடுத்து வாங்கிய பாட்டில் மட்டும் காலியாகியிருக்கும். விலை கொடுத்தது உசத்தி, சும்மா வந்தது மட்டம் என்று நினைப்பது மனித சுபாவம். சத்து விஷயத்தில் இந்த நினைப்பு பணத்தையும் கெடுக்கிறது, உடம்பையும் கெடுக்கிறது.

வைட்டமின் மாத்திரை, டானிக், சத்துப் பவுடர் இவற்றால் பயன் உண்டா? ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. யாருக்கு, எப்போது, எந்தச் சத்து என்று பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஒருவருக்குப் படிக்கச் சிரமம் என்றால் மற்றவர் வாசித்துக் காட்டுங்கள்.

வயலில் நாம் அறிந்த நியாயம்

மல்லாட்டை பயிரிடும் நம் மாவட்டத்துக் குடியானவர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. மண் அணைக்கும்போது ஜிப்சம் போடுகிறோம். காய் திரளுவதற்குச் சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் அந்த நேரத்தில் வேண்டும். இல்லாவிட்டால் பொக்குக் காய்தான் மிஞ்சும். நெல்லில் துத்தநாகச் சத்துக் குறைந்து இலையில் பழுப்புப் புள்ளி விழுந்தால், ஜிங்க் சல்பேட் போட்டதும் பயிர் தேறி விடுகிறது. அதே ஜிங்க் சல்பேட்டை, குறைவே இல்லாத வயலில் மூட்டை மூட்டையாகக் கொட்டினால் இரண்டு மடங்கு விளையுமா? விளையாது. யூரியாவை அளவுக்கு மேல் போட்டால் பயிர் பச்சைப் பசேல் என்று வளரும். பிறகு பூச்சி விழும். கதிர் முற்றும் முன் சாய்ந்தும் விடும்.

மனித உடம்பும் இப்படித்தான். வைட்டமின்கள் மொத்தம் 13. இவற்றோடு இரும்பு, சுண்ணாம்பு, அயோடின், துத்தநாகம் போன்ற தாது உப்புகளும் நமக்கு வேண்டும். எல்லாமே மிகச் சிறிய அளவில் போதும். மாட்டு வண்டியின் அச்சுக்குப் போடும் மை போன்றவை இவை. மை இல்லாவிட்டால் சக்கரம் தேயும். அதற்காக மையே வண்டியை இழுக்காது, இழுப்பது மாடுதான். அதுபோல, உழைக்கத் தெம்பு தருவது நாம் சாப்பிடும் சோறு, களி, பருப்பு, எண்ணெய், முட்டை, மீன் முதலிய ஆகாரமே. மாத்திரையிலும் டானிக்கிலும் அந்தத் தெம்பு இல்லை. உடம்பில் ஒரு சத்துக் குறைந்தால் அந்தச் சத்தைக் கொடுப்பதால் அளவற்ற நன்மை உண்டு. குறையாத சத்தை மேலும் கொட்டுவதால் நன்மை இல்லை, சில சமயம் கெடுதலும் உண்டு.

கோஷா ஆஸ்பத்திரியில் கண்ட உண்மை

இந்த உண்மையை உலகத்துக்குக் காட்டிய ஆராய்ச்சிகளில் ஒன்று நம் தமிழ்நாட்டிலும் நடந்தது. லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் 1928-ல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்தார். அங்கே நூல் ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் கடுமையான இரத்த சோகையால் வாடினார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவர் விசாரித்தார். பிறகு குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணி புரிந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று வழங்குவது இந்த ஆஸ்பத்திரிதான்.

விலை மலிந்த ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் அந்தக் கர்ப்பிணிகளின் இரத்த சோகை குணமாவதை அவர் கண்டறிந்தார். 1931-ல் அதை மருத்துவ உலகுக்கு எழுதி அறிவித்தார். ஈஸ்ட் சாற்றில் இருந்து வேலை செய்த சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் கழித்து, 1941-ல், கீரையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்று உங்கள் கையில் செவிலியர் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது இதே சத்துதான்.

இந்தச் சரித்திரத்தில் இரண்டு பாடம் இருக்கிறது. அந்தத் தாய்மாருக்கு உயிர் கொடுத்தது மலிவான ஒரு பொருள். அது வேலை செய்ததற்குக் காரணம், அவர்கள் உடம்பில் அந்தச் சத்து இல்லாதிருந்தது.

நம் வீட்டில் உள்ள குறைவு எது?

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை இருப்பது தெரிய வந்தது. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இருந்தது. அதாவது இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்கு மேல் இந்தக் குறை உண்டு. உங்கள் வீட்டில் இல்லை என்று சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

இரத்தம் குறைந்தால் கண்ணின் கீழ் இமை உள்புறம் வெளுத்திருக்கும். நாக்கும் நகமும் வெளுக்கும். மாடிப்படி ஏறினால் அல்லது ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கும். படபடப்பு வரும். சிலருக்குப் பச்சரிசி, சாம்பல், மண் இவற்றைத் தின்ன ஆசை வரும். சிலருக்கு எந்த அடையாளமும் வெளியே தெரியாது. ஆகவே இரத்தம் சோதித்துப் பார்ப்பதே நிச்சயமான வழி. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. ஏழுக்குக் கீழே இருந்தால் ஆபத்து. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரசவ நேரத்தில் இரத்தம் போவது இயற்கை. நல்ல இரத்தமுள்ள தாய் அதைத் தாங்கிக் கொள்கிறாள். ஏற்கெனவே சோகை பிடித்த தாய்க்கு, மற்றவர் தாங்கும் இரத்தப் போக்கே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். குழந்தை மாதம் முந்திப் பிறப்பதும், எடை குறைந்து பிறப்பதும் கூட இதனால் நேரும். பரண் மேல் கிடக்கும் மாத்திரை அட்டையின் மதிப்பு இப்போது புரிகிறதல்லவா?

அவசியமான மாத்திரைகள் இவை

கீழே சொல்பவை யாவும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில், துணை சுகாதார நிலையத்தில், அங்கன்வாடியில், பள்ளியில் இலவசமாகக் கிடைப்பவை.

குழந்தை வேண்டும் என்று எண்ணும் பெண்: கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடத் தொடங்கி, கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் முடியும் வரை சாப்பிட வேண்டும். குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழல், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிக் கொள்கிறது. "நாள் தள்ளிப் போச்சு" என்று பெண் உணரும் முன்பே பாதி வேலை முடிந்து விடுகிறது. முதல் குழந்தை முதுகுத் தண்டுக் குறையோடு பிறந்த தாய்மாரிடம் ஏழு நாடுகளில் நடத்திய ஆராய்ச்சி 1991-ல் வெளியானது. ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களுக்கு அதே குறை மறுபடி வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. அப்படிக் குழந்தை பிறந்த குடும்பத்தினருக்கு அதிக அளவு மாத்திரை தேவை. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.

கர்ப்பிணி: நான்காம் மாதம் முதல் தினம் ஒரு சிவப்பு மாத்திரை. இதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாள். இரத்தம் குறைந்திருந்தால் மாத்திரையின் அளவைக் கூட்டுவதா, ஊசி வழியாக இரும்பு ஏற்றுவதா என்பதை டாக்டர் சொல்வார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை தினம் இரண்டு வேளை, சாப்பாட்டோடு. குடற்புழு மாத்திரை ஒன்று, மூன்று மாதம் கழிந்த பிறகு.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை குழந்தை: வாரத்தில் இரண்டு நாள், ஒரு மில்லி இரும்புச் சத்து மருந்து. வைட்டமின் ஏ திரவம் ஒன்பதாம் மாதத்தில் ஆரம்பித்து, ஐந்து வயதுக்குள் மொத்தம் 9 தடவை. மாலைக்கண் நோயைத் தடுக்க 1970-ல் தொடங்கிய தேசியத் திட்டம் இது. வயிற்றுப் போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரை 14 நாள். பேதி நின்று விட்டாலும் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள்: 5 முதல் 9 வயது வரை வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை. 10 முதல் 19 வயது வரை வாரம் ஒரு நீல மாத்திரை. பள்ளியில் கொடுத்தால் சாப்பிடச் சொல்லுங்கள். படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைக்கு அங்கன்வாடியில் கேட்டு வாங்குங்கள். நாளைக்குத் தாயாகப் போகிறவளுக்கு இன்றைக்கே இரத்தம் சேர வேண்டும்.

இவர்களைத் தவிர, பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி எதுவுமே சேர்க்காதவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். அந்தச் சத்து கீரையிலும் தானியத்திலும் கிடையாது. சர்க்கரை வியாதிக்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் அது குறையலாம். கை கால் மரத்துப் போனால் டாக்டரிடம் சொல்லிச் சோதித்துக் கொள்ளுங்கள்.

பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். சத்து டானிக், கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

"மாத்திரை ஒத்துக்கலைங்க": சில சந்தேகங்கள்

"நர்சம்மா, அந்தச் செவப்பு மாத்திரையப் போட்டா கொமட்டுது. அதான் நிறுத்திட்டேன்."

வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குக் குமட்டும். இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன் போடுங்கள். நாலைந்து நாளில் பழகி விடும். அப்படியும் தாங்காவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

"வெளிக்கி கருப்பாப் போவுது. பயமா இருக்குது."

உடம்பில் சேராத இரும்பு வெளியேறுவதால் அப்படி இருக்கும். அதனால் கெடுதல் இல்லை. மலச்சிக்கல் இருந்தால் தண்ணீர், கீரை, பழம் அதிகம் சேருங்கள்.

"குழந்தை கருப்பாப் பொறக்கும், பெருசா வளந்து பிரசவம் கஷ்டமாவும்னு எங்க அத்தை சொல்றாங்க."

குழந்தையின் நிறம் தாய் தகப்பன் வம்சத்தைப் பொறுத்தது. இரும்பு மாத்திரையால் கருக்காது, குங்குமப் பூவால் சிவக்காது. மாத்திரையால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பதும் இல்லை. பெரியவர்கள் அக்கறையால்தான் சொல்கிறார்கள். கோபப்படாமல், அடுத்த தடவை பரிசோதனைக்குப் போகும்போது அத்தையையும் கூட அழைத்துப் போங்கள். நர்சம்மாவே விளக்கிச் சொல்லட்டும்.

"டீ குடிச்சிட்டே மாத்திரை போடலாமா?"

கூடாது. டீ, காபி, பால், சுண்ணாம்பு மாத்திரை இவை இரும்பை உடம்பில் சேர விடாது. டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமும், சுண்ணாம்பு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமும் இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக் கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

காசு கொடுத்து வாங்கும் "சத்துகள்"

இனி கடைச் சரக்குக்கு வருவோம்.

தினமும் எல்லா வைட்டமினும் கலந்த ஒரு மாத்திரை போட்டால் நோயே வராது என்று விளம்பரம் செய்கிறார்கள். அமெரிக்காவில் 50 வயது கடந்த 14,641 ஆண் டாக்டர்களே இதைத் தங்கள் உடம்பில் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் வைட்டமின் மாத்திரையும், மீதிப் பேர் அதே மாதிரி தோற்றமுள்ள வெறும் மாத்திரையும் பத்து வருஷத்துக்கு மேல் சாப்பிட்டார்கள். 2012-ல் முடிவு வெளியாயிற்று. புற்றுநோய் மிகச் சிறிய அளவே குறைந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை.

பின்லாந்து நாட்டில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் இன்னொரு சோதனை நடந்தது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் சத்தை மாத்திரையாக்கி ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் கணக்குப் பார்த்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்த நோய் நூற்றுக்கு 18 பங்கு அதிகமாகவே வந்திருந்தது. பீடி, சிகரெட் பிடித்துக் கொண்டே "சத்து மாத்திரை போடுறேன், ஒண்ணும் ஆவாது" என்று சொல்கிற சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கேரட்டைச் சாப்பிடலாம், தப்பில்லை. விட வேண்டியது பீடியை.

"குளுக்கோஸ் பாட்டில் ஏத்துனா தெம்பா இருக்கும்" என்று நம்புகிறவர்கள் நம்மில் அதிகம். அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். ஐந்து டீஸ்பூன் சர்க்கரையின் அளவு அவ்வளவுதான். வாயால் சாப்பிட முடிந்தவருக்கு அது தேவையில்லை. சுத்தமில்லாத ஊசியால் வேறு வியாதி தொற்றும் அபாயமும் உண்டு.

பிள்ளைகள் உயரமாக வளர, புத்தி கூர்மையாக என்று சொல்லி விற்கும் மால்ட் பவுடர்கள் பலவற்றில் சர்க்கரை அதிகம். நமது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஆரோக்கிய பானம்" என்று ஒரு வகையே கிடையாது. ஆகவே அந்தப் பெயரில் இவற்றை விற்க வேண்டாம் என்று இணைய வழி விற்பனையாளர்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. உணவுச் சத்து மாத்திரை டப்பாக்களில் "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

சந்தையிலும், பௌர்ணமிக் கூட்டத்திலும், பேருந்து நிலையத்திலும் பெயர் தெரியாத பொடியும் லேகியமும் விற்பார்கள். ஆண்மைக் குறைவு தீரும், ஆண் குழந்தை பிறக்கும் என்பார்கள். இப்படி விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது. குழந்தை ஆணா பெண்ணா என்பது கருத்தரிக்கும் அந்தக் கணமே, தகப்பனின் விந்தணுவால் தீர்மானமாகி விடுகிறது. அதன் பிறகு எந்த மருந்தும் அதை மாற்றாது. கர்ப்பிணிக்கு அந்தப் பொடியைக் கொடுத்தால் வயிற்றில் உள்ள சிசுவுக்கு ஊனம் வரலாம். சித்த மருத்துவம் வேண்டுமானால் அரசு சித்தப் பிரிவில் உள்ள டாக்டரைக் கலந்து கொள்ளுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால்

வைட்டமின் பி, சி வகைகள் அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டானிக் குடித்த மறு வேளை சிறுநீர் மஞ்சளாகப் போவது இதனால்தான். காசு போகும் வழி அது. ஆனால் ஏ, டி போன்றவை உடம்பிலேயே தங்கும். கர்ப்ப காலத்தில் வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் சிசுவின் உறுப்புகள் பழுதாகும். வைட்டமின் டி மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறிச் சிறுநீரகம் கெடும்.

முக்கியமான எச்சரிக்கை: இரும்பு மாத்திரை பார்க்க மிட்டாய் போல இருக்கும். சின்னக் குழந்தை ஒரே சமயத்தில் பல மாத்திரைகளை விழுங்கி விட்டால் உயிரே போகலாம். குழந்தைக்கு எட்டாத உயரத்தில், மூடிய டப்பாவில் வையுங்கள். விழுங்கி விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொரு ஆபத்து, டானிக்கை நம்பி நாளைக் கடத்துவது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், உடம்பு இளைப்பு இருந்தால் அது காசநோயாக இருக்கலாம். தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் இருந்தால் சர்க்கரை வியாதியாக இருக்கலாம். மாதவிடாய் அதிகம் போனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். "அசதி" என்று டானிக் வாங்கிக் குடித்துக் கொண்டிருந்தால் நோய் உள்ளே முற்றும். அசதிக்கு முதலில் வேண்டியது சோதனை.

நம்ம ஊர் ஆகாரத்தில் இல்லாததா?

கணக்குப் பார்ப்போம். ஒரு டானிக் பாட்டில் 200 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். முட்டை 7 ரூபாய் என்றால் அந்தப் பணத்துக்கு 28 முட்டை வரும். கர்ப்பிணிக்குத் தினம் ஒன்று வீதம் நாலு வாரம். ஒவ்வொரு முட்டையிலும் சுமார் 6 கிராம் புரதம், அதோடு வைட்டமின் ஏ, பி12.

புரதப் பவுடருக்கு ஆயிரக் கணக்கில் செலவு செய்ய வேண்டாம். மல்லாட்டைப் பருப்பின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு புரதம்தான். அறுவடைக் காலத்தில் மொத்தத்தையும் மண்டிக்கு ஏற்றாமல் வீட்டுக்கு ஒரு மூட்டை ஒதுக்குங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. களியும் கூழும் மட்டமான ஆகாரம் என்று நினைத்து விட்டவர்கள் திரும்பச் சேருங்கள். ஜவ்வாது மலையில் விளையும் சாமையும் நல்ல தானியம். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு கொய்யா வையுங்கள். கொய்யாவில் உள்ள வைட்டமின் சி, ஆரஞ்சில் உள்ளதைப் போலப் பல மடங்கு.

நம் பாட்டிமார் புழுங்கல் அரிசி ஆக்கியதிலும் விஷயம் இருக்கிறது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கித் தங்கி விடுகிறது. தீட்டிய பச்சரிசியையே தின்ற வட ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் பெரிபெரி நோய் பரவியிருந்த காலத்தில், புழுங்கல் அரிசி தின்றவர்களிடம் அது அரிதாக இருந்தது. பெரிபெரியை ஆராய்வதற்காக 1918-ல் குன்னூரில் மெக்காரிசன் என்ற டாக்டர் தொடங்கிய சிறிய கூடமே வளர்ந்து, இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அரிசியைப் பலமுறை கழுவாதீர்கள். கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள். உப்பு வாங்கும்போது அயோடின் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "கீரைதான் தின்னறனே, மாத்திரை எதுக்கு?" என்று கர்ப்பிணி கேட்கக் கூடாது. கர்ப்ப காலத்தில் தேவை ஏறி விடுகிறது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். ஆகவே அந்தக் காலத்தில் கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

கணவருக்கு ஒரு வார்த்தை

இது பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்காதீர்கள். இரவில் "மாத்திரை போட்டியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தண்ணீர் எடுத்து நீங்களே கொடுத்தால் இன்னும் நல்லது. பல வீடுகளில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடிச் சட்டியில் மிஞ்சியதுதான் மனைவிக்கு. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் முதல் பங்கு போக வேண்டும். மகப்பேறு திட்டத்தில் வரும் ஊட்டச்சத்துப் பெட்டகமும், அங்கன்வாடி சத்துமாவும் அவளுக்காகத் தந்தவை. வீட்டுக்கே பங்கு போட்டு விடாதீர்கள்.

ஒரு பிரசவத்தில் தாய் இழந்த இரத்தமும் சத்தும் திரும்பச் சேர நாளாகும். ஒரு குழந்தைக்கும் அடுத்ததற்கும் மூன்று வருஷமாவது இடைவெளி வேண்டும். வருஷா வருஷம் பயிர் வைத்த நிலம் களைத்துப் போவது போல, அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவளுக்கு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் இரத்தம் ஏறுவது சிரமம். காப்பர்-டி, மாத்திரை, ஊசி, ஆணுறை என்று இடைவெளிக்கு வழிகள் பல உண்டு. போதும் என்றால் நிரந்தர முறையும் உண்டு. அதில் ஆண் செய்து கொள்ளும் சிகிச்சை எளிது. இருவரும் பேசி முடிவு செய்து சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்

1. சத்து இல்லாதபோது மாத்திரை மருந்து. சத்து இருக்கும்போது அது வீண் செலவு.

2. செவிலியர் இலவசமாகத் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது.

3. கடை டானிக் வாங்கும் முன், டாக்டர் எழுதியதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் அந்தப் பணத்துக்கு முட்டை, பருப்பு, பழம் வாங்குங்கள்.

4. அசதி நீடித்தால் இரத்தம், சளி, சர்க்கரை சோதனை செய்து கொள்ளுங்கள்.

5. மாத்திரை எதுவும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

6. சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்; அல்லது 104-க்குப் போன் செய்யுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். பரணில், அலமாரியில், சாமி மாடத்தில் மாத்திரை அட்டை ஏதாவது கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தேதி முடிந்திருந்தால் செவிலியரிடம் கொடுத்துப் புதிது வாங்குங்கள். தேதி இருந்தால், இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு முதல் மாத்திரையைப் போடுங்கள்.